முதுமையும் மனச்சோர்வும்: "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாதது ஏன்?

"வயசானா அப்படித்தான் இருப்பாங்க." வீட்டுப் பெரியவர் ஒருவர் பேச்சைக் குறைத்து, தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கி, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் பேச்சு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. சொல்பவருக்கு அன்பு இல்லாமல் இல்லை. முதுமை வந்தால் மனமும் வாடித்தான் போகும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் தவறு. அதனால்தான் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் ஒரு நோய் ஆண்டுக்கணக்கில் பெயரில்லாமல் வீட்டுக்குள் கிடக்கிறது.

இந்தியா முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000 பேருக்கு மேல் சந்தித்து 2017-18இல் ஒரு பெரிய முதுமை ஆய்வு நடந்தது. முறையான கேள்விகள் கேட்டுப் பார்த்தபோது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்க வாய்ப்பு தெரிந்தது. "உங்களுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் யாராவது சொன்னதுண்டா?" என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. பத்துப் பேருக்கு நோய் இருந்தால் ஒருவருக்குத்தான் அதன் பெயர் தெரிந்திருக்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர் விகிதம் கூடுதலாக உள்ள மாநிலம் தமிழ்நாடு என்பதால், இது நம் தெருவின் விஷயம்.

இயல்பான முதுமையில் மனம் எப்படி இருக்கும்?

முதலில் இதைத் தெரிந்துகொண்டால்தான் எது இயல்பு, எது நோய் என்று பிரிக்க முடியும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் அவருடைய குழுவினரும் 18 வயது முதல் 94 வயது வரையிலான 184 பேருக்கு ஆளுக்கொரு பேஜர் கொடுத்தார்கள். ஒரு வாரம், நாளுக்கு ஐந்து முறை, எந்த நேரம் என்று தெரியாமல் அது ஒலிக்கும். ஒலித்த அந்தக் கணத்தில் கோபம், கவலை, சந்தோஷம், நிறைவு என ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று குறிக்க வேண்டும். 2000இல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. கசப்பான உணர்வுகள் எழும் தடவைகள் வயது ஏற ஏறக் குறைந்தன. சுமார் 60 வயதுக்குப் பிறகு அந்தக் குறைந்த அளவிலேயே நின்றன. முதியவர்களிடம் நல்ல மனநிலை நீடித்தது, கெட்ட மனநிலை சீக்கிரம் கலைந்தது. மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றாகக் கலந்து வருவதும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. பேரன் கல்யாணத்தில் கண் கலங்கிச் சிரிக்கும் பாட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

காரணமாகக் கார்ஸ்டென்சன் சொல்வது காலத்தைப் பற்றிய உணர்வை. முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைக்கும்போது மனிதர் புதியவர்களைத் தேடுவார், பிடிக்காததையும் பொறுத்துக்கொள்வார், எதிர்காலத்துக்காகச் சேர்ப்பார். இருக்கும் காலம் அளவானது என்று உணரும்போது, மனதுக்கு நிறைவு தருவதை மட்டும் தேர்ந்தெடுப்பார். தெரிந்தவர் வட்டம் சுருங்கும். நெருங்கியவர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். கடுமையான நோய் வந்த இளைஞர்களிடமும் இதே போக்கு தென்படுவதால், இதற்குக் காரணம் உடலின் வயது இல்லை, மிஞ்சியிருக்கும் காலத்தைப் பற்றிய எண்ணம்தான் என்கிறார்கள்.

ஆக, அப்பா ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டு, இரண்டு பழைய நண்பர்களோடு மட்டும் மாலையில் பேசிக்கொண்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டும் "தூங்குறேன்னு சொல்லு" என்றால், கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தப் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. வயதானவர் மனதைச் சமநிலையில் வைத்திருப்பது பெரும்பாலும் சச்சரவைத் தவிர்த்தும், சின்ன விஷயங்களை விட்டுக்கொடுத்தும்தான். தவிர்க்கவே முடியாத, நாள்தோறும் தொடரும் அழுத்தம் வந்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். படுக்கையில் கிடக்கும் துணையை இரவும் பகலும் பார்த்துக்கொள்வது, தீராத முட்டிவலி, வீட்டுக்குள்ளேயே தினமும் கேட்கும் சுடுசொல் எல்லாம் இந்த வகை. பதற்றத்தில் எகிறிய ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இளம் உடலில் தணிவதைவிட முதிய உடலில் மெதுவாகத்தான் தணியும். அந்த இடத்தில்தான் மனச்சோர்வு நுழைகிறது.

மனச்சோர்வு என்றால் என்ன?

சோகம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்: மனம் கனத்துப்போயிருத்தல், எதிலும் நாட்டமின்மை, பசி அல்லது எடையில் மாற்றம், தூக்கக் கோளாறு, அசைவும் பேச்சும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, அசதி, தன்னைப் பயனற்றவர் என்றோ குற்றவாளி என்றோ நினைத்தல், கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பொழுதும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

முதியவர்களிடம் அந்த முதல் அறிகுறி, மனக்கனம், பல நேரம் வெளியே தெரியாது. "கவலையா இருக்கீங்களா?" என்று கேட்டால் "எனக்கென்ன கவலை" என்பார்கள். பொய் இல்லை. சோகம் அவர்களுக்குச் சோகமாகத் தெரிவதில்லை, உடம்பாகத் தெரிகிறது. "வாய் கசக்குது, சாப்பாடு இறங்கல", "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "கை கால் ஓஞ்சு போச்சு", "வயித்துல கேஸ்" என்று வரும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இசிஜி எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் வலி இருந்துகொண்டே இருக்கும். சிலரிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சல் வரும். காபியில் சர்க்கரை குறைந்ததற்கு வீடே அதிரும். இன்னும் சிலர் எதுவும் சொல்லாமல், மாத்திரை போடுவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

60 வயதுக்கு மேல் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மனச்சோர்வு வந்தால், மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நெடுங்கால ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, உணர்வையும் முனைப்பையும் இயக்கும் இணைப்புகள் பழுதாகின்றன. இவர்களிடம் அழுகை குறைவு. எதையும் தொடங்கவே முடியாத மந்தம் கூடுதல். "சோம்பேறியாயிட்டாரு" என்று வீட்டில் திட்டு வாங்குபவர்கள் இவர்கள்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. பிசியோதெரபிக்கு ஒத்துழைக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மனச்சோர்வுபோலவே தோன்றும் மற்றவை

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

துணையை இழந்த துக்கம் அலை அலையாக வரும். பதினாறாம் நாள் காரியத்தில் உடைந்து அழுதவர், அடுத்த நிமிடம் இறந்தவரின் குறும்பு ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார். தன்மேல் உள்ள மதிப்பு போகாது. மனச்சோர்வில் அந்த இடைவெளிகள் இல்லை. நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறம். "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். துக்கத்துக்கு மாத்திரை தேவையில்லை, ஆட்கள் தேவை. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் முதல் வாரம்போலவே எல்லாம் உறைந்து நின்றால் அதற்கும் சிகிச்சை உண்டு.

மறதி நோயோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. மனச்சோர்விலும் மறதி வரும், ஏனென்றால் கவனம் நிற்காதபோது எதுவும் பதியாது. வேறுபாட்டைப் பேச்சிலிருந்தே ஓரளவு பிடிக்கலாம். மனச்சோர்வில் சில வாரங்களில் மாற்றம் வந்திருக்கும். "எனக்கு ஞாபகமே இல்லாம போச்சு" என்று அவரே புலம்புவார். கேள்வி கேட்டால் முயற்சி செய்யாமலேயே "தெரியல" என்பார். மறதி நோய் மாதங்களாக, வருடங்களாக ஊர்ந்து வரும். அவருக்குக் குறை தெரியாது, வீட்டார்தான் சொல்வார்கள். கேள்விக்கு நம்பிக்கையோடு தவறான பதில் வரும். இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. முதுமையில் தொடங்கும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிவிப்பாகவும் இருப்பதால், மனச்சோர்வு தெளிந்த பிறகு நினைவாற்றலை மறுபடி சோதிப்பது அவசியம்.

மூன்றாவது, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் திடீர்க் குழப்பம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று அரைத்தூக்கத்தில் கிடக்கிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை, மாலையில் கூடுகிறது, காலையில் தெளிகிறது என்றால் அது மனநோய் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர் வற்றல், சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவை வழக்கமான காரணங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் அசதியும் மந்தமும் அப்படியே மனச்சோர்வைப் போலவே இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைவு வர வாய்ப்பு கூடுதல். எனவே முதல் சந்திப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: முழு ரத்த அணு எண்ணிக்கை, தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கிரியேட்டினின். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை உட்பட.

வீட்டிலேயே பார்க்க இரண்டு கேள்விகள்

கடந்த இரண்டு வாரத்தில், எதிலாவது ஈடுபட விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

முதியவர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1982இல் யெசவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவுகோல் அது. முதலில் 30 கேள்விகள்; பிறகு 15 ஆகச் சுருக்கினார்கள். எல்லாமே ஆம், இல்லை என்று பதில் சொல்லக் கூடியவை. பசி, தூக்கம், வலி பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டார்கள்: 75 வயதில் அவை நூறு காரணத்தால் கெடலாம், கணக்கைக் குழப்பும். 15இல் 5க்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம் என்று பொருள். இது சல்லடை மட்டுமே; நோய் என்று முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். மறதி நோய் முற்றியவர்களுக்கு இது பொருந்தாது.

கேட்கும் விதத்தில்தான் பாதி வெற்றி. கூட்டுக் குடும்பத்தில் மருமகள், பேரன் எல்லாரும் சுற்றி நிற்க "உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?" என்றால் என்ன பதில் வரும்? மகனை விட்டுக்கொடுக்க மனம் வராது. தனியாக, உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேளுங்கள். "மனச்சோர்வு" என்ற சொல்லை முதலில் எடுக்க வேண்டாம். "எதுலயும் ஒரு பிடிப்பு இல்லாம இருக்காம்மா?" என்று கேட்டால் அவர்களுக்கு உடனே புரியும்.

மாத்திரைக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

காது கேட்காத ஒருவர் கூட்டத்தில் இருந்தாலும் தனியாகத்தான் இருக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை; இரண்டு முறை "என்ன?" என்று கேட்டு எரிச்சலான முகத்தைப் பார்த்த பிறகு மூன்றாம் முறை கேட்க மாட்டார். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அது மட்டும்தான். காது மெஷின் வாங்கினால் முதல் வாரத்திலேயே "ஒரே இரைச்சல்" என்று அலமாரிக்குப் போய்விடும். நாளுக்கு ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது மட்டும் என்று தொடங்கிச் சில வாரங்களில் நேரத்தைக் கூட்டினால் மூளை பழகிக்கொள்ளும். கண்புரை, பொருந்தாத பல்செட், கவனிக்காத முட்டிவலி ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று சிறுநீர்க் கசிவு. கோயிலுக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை, உறவினர் வீட்டில் தங்கவில்லை என்பதற்கெல்லாம் பின்னால் புடவை நனைந்துவிடுமோ, வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தில் தண்ணீரையும் குறைப்பார்கள். அது மலச்சிக்கலிலும் தொற்றிலும் கொண்டுபோய் விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழிவறைக்குப் போகும் பழக்கம், இடுப்புத்தள தசைப் பயிற்சி, ஆண்களுக்குப் புராஸ்டேட் சிகிச்சை என்று இதற்கு வழி இருக்கிறது. அம்மாவிடம் மகளோ மருமகளோ, அப்பாவிடம் மகனோ கேட்டால் சொல்வார்கள்.

செயல்தான் முதலில், ஆசை பிறகு

மனச்சோர்வில் உள்ளவர் "மனசு சரியானதும் செய்யறேன்" என்பார். நோயின் பொறியே அதுதான். செய்யாததால் நிறைவு கிடைக்காது. நிறைவு கிடைக்காததால் ஆசை வராது. ஆசை வராததால் செய்ய மாட்டார். இந்த வட்டத்தை அறுப்பதற்கு உளவியலில் ஒரு முறை இருக்கிறது. படிக்காதவர்களும் செய்யலாம், செலவில்லை.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போட்டு, அப்போது என்ன செய்தார், மனம் பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். அவர் சொல்ல, பேத்தி எழுதலாம். வார முடிவில் சில உண்மைகள் தெரியும்: டிவி முன் உட்கார்ந்த மூன்று மணி நேரமும் 3, தெருவில் பால்காரரோடு பேசிய ஐந்து நிமிடம் 5.

இரண்டாம் வாரம் இரண்டே செயல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பிடித்ததாக இருக்க வேண்டும். மற்றொன்று முடித்ததும் "செஞ்சிட்டேன்" என்று தோன்றுவதாக இருக்க வேண்டும். அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். "தினமும் வாக்கிங் போகணும்" என்பது மலை. "நாளை மாலை ஐந்தரைக்கு, வாசல் திண்ணையில், பத்து நிமிடம்" என்பது படி. அவர் முடியும் என்று சொல்லும் அளவில் பாதியை வைத்துத் தொடங்குங்கள். நேரம், இடம், யாருடன் என்பது மூன்றும் முந்தைய இரவே முடிவாகியிருக்க வேண்டும். மனம் 2இல் இருந்தாலும் 6இல் இருந்தாலும் செய்ய வேண்டும். செய்தபோது சந்தோஷம் வராமல் போகலாம், முதல் பத்து நாள் பெரும்பாலும் வராது. நோட்டில் எண் மெதுவாக ஏறும்போதுதான் அவருக்கே நம்பிக்கை வரும்.

குடும்பம் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு, அன்பால் கெடுப்பது. "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வேலைகளை எல்லாம் பிடுங்கிக்கொள்வது. வாழ்நாள் முழுக்க முப்பது பேருக்குச் சமைத்தவரிடமிருந்து அடுப்படியை எடுத்துவிட்டு, கையில் ரிமோட்டைக் கொடுத்தால் அவர் என்ன ஆவார்? கீரை ஆய்வது, பால் கணக்கு, ரேஷன் தேதி, பேரனுக்கு உயிர்மெய் எழுத்து, மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் என்று உண்மையாகவே வீட்டுக்குத் தேவைப்படும் ஒரு வேலை அவர் பொறுப்பில் இருக்கட்டும். ஒப்புக்குக் கொடுத்த வேலையை அவர்கள் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தூக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கே படுத்து, மூன்று மணிக்கு விழித்துவிட்டு "தூக்கமே இல்ல" என்பவர் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். படுக்கும் நேரத்தைப் பத்தரைக்குத் தள்ளுங்கள். மதியத் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம் போதும். சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து நாற்காலியில் உட்காரட்டும், கண் சொருகும்போது திரும்பட்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் முதியவர்களிடம் இரவில் தடுமாறி விழுதலையும் இடுப்பெலும்பு முறிவையும் கொண்டுவருகின்றன, நினைவையும் மங்கச் செய்கின்றன. ஏற்கெனவே பல மாதமாகப் போடுபவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர் சொல்படி வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.

கோவாவில் செய்து பார்த்தது

இதெல்லாம் பெரிய மனநல நிபுணர்கள் இருந்தால்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். கோவாவில், 60 வயதைக் கடந்த, லேசான அறிகுறிகள் மட்டும் இருந்த 181 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள்தான், டாக்டர்கள் இல்லை, நான்கு விஷயங்களைக் கற்றுக்கொடுத்தார்கள்: பிரச்சினையைத் தீர்க்கும் முறை, தூக்கத்தைச் சீராக்குவது, சர்க்கரை போன்ற நோய்களைத் தானே பார்த்துக்கொள்வது, அரசு உதவிகளைப் பெறும் வழி. ஒரு வருடத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு முழு மனச்சோர்வு வந்தது. இந்த நான்கையும் கற்றுக்கொண்டவர்களில் 4 சதவீதம் பேருக்கு மட்டுமே.

பிரச்சினை தீர்க்கும் முறை எளிது. ஒரே ஒரு பிரச்சினையை ஒரு வரியில் எழுத வேண்டும். "எல்லாமே கஷ்டம்" என்பது பிரச்சினை இல்லை. "பென்ஷன் எடுக்க பேங்குக்குப் போக ஆள் இல்லை" என்பது பிரச்சினை. ஒரு வாரத்தில் எட்டக் கூடிய இலக்கு ஒன்று. நல்லது கெட்டது பார்க்காமல் தோன்றும் வழிகள் எல்லாம். பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, செய்து, அடுத்த வாரம் எப்படிப் போனது என்று பார்ப்பது. தோற்றாலும் வழி மட்டும்தான் தோற்றது, ஆள் தோற்கவில்லை என்பது இதில் பழகும்.

மருந்து எப்போது, எப்படி?

எடை இறங்குகிறது, படுக்கையை விட்டு எழ முடியவில்லை, சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறது என்றால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவைதான் இப்போது முதலில் கொடுக்கப்படுகின்றன. இளையவர்களுக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் முதியவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் தரக் கூடியவை.

நல்லது தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், வயதானவர்களில் சிலருக்கு இன்னும் நீளும். பக்கவிளைவான குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். முதலில் கெட்டது தெரிந்து, பிறகுதான் நல்லது தெரிகிறது என்பதால் பத்தாம் நாளில் "இது ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும்.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது சோடியம் குறைவை. இந்த மருந்துகள் முதியவர்களிடம், அதிலும் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம், ரத்தச் சோடியத்தை இறக்கக் கூடும். இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். மருந்து தொடங்கிய சில வாரத்துக்குள் தடுமாற்றம், தலைவலி, குழப்பம், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் "நோய் கூடிடுச்சு" என்று அளவை ஏற்றிவிடாமல் முதலில் சோடியம் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் பார்ப்பது நல்லது. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மலம் கறுத்துப் போகிறதா என்றும் கவனிக்க வேண்டும். வயிற்றில் ரத்தம் கசிவதன் அடையாளம் அது.

சாப்பாடும் தண்ணீரும் அறவே நின்றுபோன கடும் நிலையில் மின் அதிர்வு சிகிச்சை உயிர் காக்கும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் இருக்காது. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிறார்கள், முதியவர்களிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது.

"சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கணும்"

நம் வீடுகளில் வயதானவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் சொல் இது. பலர் நிறைவாழ்வு வாழ்ந்த அமைதியில் சொல்கிறார்கள். சிலர் வேறு ஒன்றைச் சொல்ல முடியாமல் இதைச் சொல்கிறார்கள். வேறுபாட்டை ஊகிக்க வேண்டாம், கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதாப்பா? ஏதாவது செஞ்சிக்கலாம்னு நினைச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். முதியவர்கள் தற்கொலை முயற்சியில் இறங்குவது இளையவர்களைவிடக் குறைவு. ஆனால் இறங்கினால் பிழைப்பவர்களும் குறைவு. துணையை அண்மையில் இழந்த ஆண்கள், தீராத வலி உள்ளவர்கள், "உங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்பவர்கள், திடீரென்று நகை, சொத்து, நிலுவைக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்படைப்பவர்கள் மேல் கூடுதல் கவனம் வேண்டும்.

பதில் ஆம் என்றால் அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை ஒரு நாள் அளவு மட்டும் வெளியே வைத்து மற்றவற்றைப் பூட்டுங்கள். கிராமத்து வீடு என்றால் பூச்சிமருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. முயற்சி செய்துவிட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக போலீஸுக்குப் பயந்து தயங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, குற்றவாளியாக இல்லை.

சோர்வின் வேர் வீட்டுக்குள் நடக்கும் கொடுமை என்றால் மாத்திரை அதைத் தீர்க்காது. காலை 8 முதல் இரவு 8 வரை 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் அலுவலகத்தில் பராமரிப்பு கேட்டு மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னை கிண்டியில் 2024இல் திறந்த 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மையத்தில் முதியோர் மருத்துவர்களைப் பார்க்கலாம். நடமாட முடியாதவர் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், ஷுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவரிடம் சொல்லுங்கள். அவர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகும்.

குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்து தொடர வேண்டும். இரண்டாம் முறை வந்தவர்களுக்கு இன்னும் நீளமாக. நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். அந்த நான்கு கட்ட நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். மாதத்தில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். தொடர்ந்து பத்து நாள் எண் இறங்கினாலோ, விடியற்காலை மூன்று மணி விழிப்பு திரும்பி வந்தாலோ, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திராமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.